பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

"ஓடுற மெஷின்ல கை வைக்காதவன்தான் நல்ல மெக்கானிக்கு." இதை நான் இரண்டு ஊர்களில் கேட்டிருக்கிறேன். ஒன்று, சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் சிப் தயாரிக்கும் ஒரு ஃபேப். இன்னொன்று, நீடாமங்கலத்துக்கு அருகே சித்தப்பாவின் ரைஸ் மில். அங்கே சொன்னவர் என் சீனியர் இன்ஜினியர். இங்கே சொன்னவர் மில்லின் ஃபிட்டர் அண்ணன். இரண்டு பேருமே தொழில் தெரிந்தவர்கள், வாய்ச்சவடால் ஆட்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டாமலே இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாலும் ராத்திரி படுக்கும்போது மறுபடி உறுத்தும். வேலையை விட்டுவிட்டு மன்னார்குடிக்கே திரும்பி வந்த பிறகு, டிப்ளமோ முடித்த அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "செமிகண்டக்டர் கம்பெனிக்கு அப்ளை பண்றேன் மாமா. மெயின்டனன்ஸ்னா அங்க என்னதான் வேலை?" அவனுக்குச் சொல்ல ஆரம்பித்த பதில் இந்தப் பழைய உறுத்தலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

சிப் என்றதும் எல்லோரும் நானோமீட்டர் பற்றிப் பேசுவார்கள். நான் பார்த்த வேலை அவ்வளவு கவர்ச்சியானது இல்லை. வேஃபரை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் வைக்கும் ரோபோக்களைப் பராமரிப்பது, முடிந்தால் மேம்படுத்துவது. எடுக்கணும், வைக்கணும், அவ்வளவுதான். ஆனால் எடுக்கும் பொருள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் வட்டு. தடிமன் 775 மைக்ரான், அதாவது முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஃபூப் என்கிற மூடிய பெட்டியில் 25 வேஃபர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, 10 மில்லிமீட்டருக்கு ஓர் அடுக்கு. கூரையில் தண்டவாளம் ஓடும்; அதில் தொங்கியபடி வரும் வண்டி பெட்டியை மெஷின் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகும். பெட்டியின் கதவு திறந்ததும் ஒரு சென்சார் அடுக்கு அடுக்காகப் பார்க்கும். எந்த அடுக்கில் வேஃபர் இருக்கிறது, எதில் இல்லை, எதிலாவது ஒன்று இரண்டு அடுக்குகளுக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கிறதா என்று. அதன் பிறகு ரோபோவின் தட்டையான பீங்கான் கை, இரண்டு வேஃபர்களுக்கு நடுவிலுள்ள அந்தச் சின்ன சந்தில் நுழைந்து, மேலே உள்ளதை மெல்லத் தூக்கி வெளியே எடுக்கும். காற்று இருக்கும் பகுதியில் கையிலுள்ள துளைகள் வேஃபரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வேஃபர் மேல் வேலை நடக்கும் வெற்றிடச் சேம்பர் பக்கம் போய்விட்டால் அந்த வித்தை செல்லாது. உறிஞ்சிப் பிடிக்க மறுபக்கம் காற்றின் அழுத்தம் வேண்டுமே, அங்கே காற்றே கிடையாது. அங்கே வேஃபர் சில சின்னத் திண்டுகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் எடையும் உராய்வும்தான் பிடிப்பு. ரோபோ கொஞ்சம் வெடுக்கென்று திரும்பினாலும் வேஃபர் நகர்ந்துவிடும்.

ஒரு வேஃபர் முழுசாக முடிந்து வெளியே வர மாதக்கணக்கில் ஆகும், நூற்றுக்கணக்கான படிகள். ஒவ்வொரு படியிலும் இந்த எடுத்து வைக்கும் வேலை பலமுறை நடக்கும். யாரும் கவனிக்காத வேலை. சரியாக நடக்கும்வரை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

கை வைக்காதே என்பதற்குக் காரணம் உண்டு

முதலில் சீனியர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெற்றிட ரோபோ இருக்கும் நடு அறையைத் திறப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. உள்ளே இருக்கும் வெற்றிடத்தை உடைக்க வேண்டும், மூடியைத் தூக்க வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி பம்ப் போட்டுக் காற்றை இறக்க வேண்டும், எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வெறும் வேஃபர்களை ஓட்டி எத்தனை தூசி விழுகிறது என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை இறங்கும்வரை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு பெல்ட்டை மாற்றப் போனால், பெல்ட் மாற்றுவது சின்ன வேலை, மெஷினை மறுபடி தயாரிப்புக்குக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அதிலும் பெல்ட்டை மாற்றினால் ரோபோவுக்குப் பழைய இடங்கள் கொஞ்சம் விலகிப்போகும். ஒவ்வொரு சேம்பருக்கும் 'இங்கே வை' என்று மறுபடி டீச்சிங் செய்ய வேண்டும். ஒவ்வொருவர் டீச்சிங்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ராத்திரி ஷிஃப்ட்டில் ஒருவர் செய்ததைப் பகல் ஷிஃப்ட்டில் இன்னொருவர் திருத்துவார். இதையெல்லாம் பார்த்தவர்கள் 'ஓடுகிறதா, விடு' என்று சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது.

இதற்குப் புத்தகப் படிப்பின் ஆதரவும் உண்டு. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக விமானப் பராமரிப்பைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். விமானத்தின் உறுப்புகள் வயதாக ஆகப் பழுதாகின்றன, ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றி மாற்றிவிட வேண்டும் என்பதுதான் நெடுங்காலமாகப் பலரும் நம்பியது. அவர்கள் எடுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் 11 சதவீதம்தான் வயதோடு சேர்ந்து பழுதாகும் வகை. 68 சதவீதம் புதிதாக மாட்டிய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகமாக இருந்து, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் அமைதியாக ஓடும் வகை. அந்த வகையை நன்றாக ஓடும்போது கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினால், ஆபத்தான ஆரம்பக் கட்டத்தை நாமே மறுபடி தொடங்கி வைக்கிறோம் என்று அர்த்தம். விமானக் கணக்கு அப்படியே ரோபோவுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி.எம். என்கிற திட்டமிட்ட பராமரிப்பு முடிந்த கையோடு மெஷின் அழுவதை எந்த ஃபேபில் வேலை பார்த்தவனும் பார்த்திருப்பான். ரோபோவின் நினைவைக் காக்கும் என்கோடர் பேட்டரி, சில சீல்கள் போன்றவற்றுக்கு நாட்காட்டிதான் கணக்கு, அவற்றைத் தேதி பார்த்து மாற்றித்தான் ஆக வேண்டும். மற்றதையெல்லாம் தேதி பார்த்துக் கழற்றுவது பாதிக்குப் பாதி சடங்கு என்பது என் கட்சி.

அப்படியென்றால் எனக்கு எங்கே உறுத்தியது?

தானே சரிசெய்துகொள்ளும் மெஷின்

ஃபேபில் ஒவ்வொரு மெஷின் தலையிலும் விளக்குத் தூண் ஒன்று இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை எரிந்தால் ஓடுகிறது. சிப் துறையின் செமி அமைப்பு வகுத்த இ10 என்ற தரநிலை மெஷினின் நேரத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது; உற்பத்தியில் இருக்கிறதா, சும்மா காத்திருக்கிறதா, திட்டமிட்டு நிறுத்தியதா, திடீரென்று நின்றதா என்றெல்லாம். மாத முடிவில் மேனேஜர்கள் பார்க்கும் படங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வரும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை நின்றது, நின்றால் எவ்வளவு நேரத்தில் எழுப்பினோம். நின்றால்தான் கணக்கு. நிற்காமல் தள்ளாடிக்கொண்டே நடந்தால் அதற்குக் கணக்கு கிடையாது.

இன்றைய ரோபோக்கள் தள்ளாடுவதில் கெட்டிக்காரர்கள். அலைனர் வேஃபரைச் சுழற்றி, விளிம்பிலுள்ள சின்ன வெட்டைத் தேடும். முதல் சுற்றில் தெரியவில்லை என்றால் மறுபடி சுழற்றும். இரண்டாம் முறை கிடைத்துவிட்டால் அலாரம் இல்லை. உறிஞ்சும் பிடி ஒரு நொடி தாமதமானால் காத்திருக்கும். வந்துவிட்டால் அலாரம் இல்லை. சேம்பர் வாசலில் இரண்டு ஒளி சென்சார்கள் இருக்கும். வேஃபர் அவற்றைக் கடக்கும்போது அதன் விளிம்பு ஒளியை மறைத்து, திறந்து, மொத்தம் நான்கு முறை வெட்டும். அந்தந்தக் கணத்தில் ரோபோவின் கை எங்கே இருந்தது என்பதை வைத்து வேஃபரின் மையம் கையின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, வைக்கும் இடத்தை அந்த அளவுக்கு நகர்த்திச் சரியாக வைத்துவிடும். எனக்கு இது எப்போதுமே பிடித்த வித்தை. ஆனால் விலகல் வரம்புக்குள் இருக்கும்வரை மெஷின் யாரிடமும் வாயைத் திறக்காது. கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. பச்சை விளக்கு எரிகிறதே.

புதிய ஆட்களுக்கு இந்த வித்தை பெரிய வரம்போலத் தெரியும், அப்படித்தான் விற்பனைப் பேச்சிலும் சொல்வார்கள். வரம்தான், மறுக்கவில்லை. ஒன்றாகப் போகும் வேஃபர்களின் தொகுதி, அதாவது ஒரு லாட், பாதியில் நிற்காமல் முடிகிறது. ஆனால் அதே வித்தை நோயையும் மறைக்கிறது என்பதை வேஃபர் மேல் தேவையில்லாத படலத்தை அரித்தெடுக்கும் எட்ச் மெஷின் ஒன்றுதான் எங்களுக்குக் காட்டியது.

புள்ளிகள்

அந்த மெஷினில் நான்கு சேம்பர்கள், நடுவே ஒரே வெற்றிட ரோபோ. மூன்றாவது சேம்பரிலிருந்து வேஃபரை வெளியே எடுக்கும்போது விலகல் வரம்பைத் தாண்டியதாக எப்போதாவது அலாரம் வர ஆரம்பித்தது. வந்த ஒவ்வொரு முறையும் மெஷின் நின்றது, யாராவது போய் எழுப்பினார்கள். கொஞ்ச நாளில் அது தொல்லையாகிவிட்டது. மெஷின் விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் வந்து, அவர்கள் பட்டியலில் உள்ளபடி ரோபோவின் பெல்ட்களை மாற்றி, எல்லாச் சேம்பருக்கும் மறுபடி டீச்சிங் செய்துவிட்டுப் போனார்கள். அலாரம் நின்றது. எல்லோரும் நிம்மதி.

நிம்மதி அளவீட்டுப் பிரிவிலிருந்து கலைந்தது. மூன்றாவது சேம்பர் வழியாகப் போகும் வேஃபர்களில் ஒரு பக்க ஓரம் மட்டும் எட்ச் சரியாக இல்லை என்றார்கள். மற்ற பக்கங்கள் நன்றாக இருந்தன. அதாவது வேஃபர் சேம்பருக்குள் நடுவில் உட்காரவில்லை. பெல்ட் புதுசு, டீச்சிங் புதுசு, அலாரம் இல்லை, பச்சை விளக்கு. ஆனால் வேஃபர் ஓரமாக உட்காருகிறது. அன்றைக்கு நடந்த மீட்டிங்கில் மறுபடி டீச்சிங் செய்யலாம் என்பதுதான் பெரும்பான்மை.

எங்கள் ஷிஃப்ட்டில் ஒரு பிலிப்பினோ அக்கா டெக்னீஷியனாக இருந்தார். அதிகம் பேச மாட்டார். மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோதே அவர் வாசல் சென்சார்களின் பழைய பதிவுகளை இறக்கி, திருத்தத்துக்கு முந்தைய விலகலை மட்டும் தனியே பிரித்தெடுத்து, ஒவ்வொரு சேம்பருக்கும் ஒரு படமாகப் புள்ளி வைத்திருந்தார். கிடைமட்டமாக இடது-வலது விலகல், செங்குத்தாக முன்-பின் விலகல், ஒரு வேஃபருக்கு ஒரு புள்ளி. நான்கு சதுரங்களையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார். மூன்று சேம்பர்களில் புள்ளிகள் நடுவை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்திருந்தன. மூன்றாவது சேம்பரில் நாலா பக்கமும் இறைந்து கிடந்தன. பெல்ட் மாற்றுவதற்கு முந்தைய மாதங்களின் படத்தையும் எடுத்தார். அப்போதும் இறைந்துதான் கிடந்தன, ஆனால் கொஞ்சம் குறைவாக. அதற்கும் முந்தைய படத்தில் இன்னும் குறைவு. யாருமே பார்க்காத காலத்திலிருந்து அது மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று திரும்பியது. இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ரோபோ ஒன்றுதான், நான்கு சேம்பருக்கும் அதே கை. பெல்ட் தளர்ந்திருந்தால் எல்லாச் சேம்பரிலும் ஏதாவது தெரிய வேண்டும். அதோடு பெல்ட் தளர்ச்சி என்றால் புள்ளிக் கூட்டம் அப்படியே ஒரு பக்கம் நகரும், இறையாது. இங்கே நகர்வு இல்லை, சிதறல். அதுவும் ஒரே சேம்பரில். அப்படியானால் ரோபோ வேஃபரை எடுப்பதற்கு முன்னாலேயே வேஃபர் அந்தச் சேம்பருக்குள் இடம் மாறியிருக்கிறது. ரோபோ குற்றவாளியே இல்லை, அதுதான் சாட்சி. இத்தனை நாள் வாசலில் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் நாங்கள் பெல்ட்டை மாற்றிப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே என்ன நடந்தது என்பது அப்புறம் சுலபமாகவே பிடிபட்டது. எட்ச் நடக்கும்போது வேஃபரைக் கீழே பிடித்து வைப்பது நிலைமின் சக், அதாவது நிலைமின்சாரத்தின் ஈர்ப்பால் பிடிக்கும் மேடை. வேலை முடிந்ததும் மின்னழுத்தத்தை விலக்கி, மிச்சம் இருக்கும் மின்னூட்டத்தை வடியவிட்டு, அப்புறம் கீழிருந்து மூன்று ஊசிகள் வேஃபரைத் தூக்கும். சக்கின் மேற்பரப்பு தேய்ந்து பழசாக ஆக, மின்னூட்டம் முழுசாக வடிய நேரம் கூடும். வடிவதற்குள் ஊசிகள் தூக்கினால், ஒட்டிக்கொண்டிருக்கும் வேஃபர் வெடுக்கென்று விடுபட்டுத் துள்ளும், கொஞ்சம் தள்ளி விழும். எந்தப் பக்கம் என்று கணக்கே கிடையாது. சர்வீஸ் ஆட்கள் டீச்சிங் செய்தபோது அப்படித் தள்ளி விழுந்த ஒன்றிரண்டு வேஃபர்களை வைத்து, அதுதான் நடு என்று ரோபோவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சிதறலில் ஒரு புள்ளியைப் பிடித்து அதையே மையமாக்கியாயிற்று. அதன் பிறகு ரோபோ சொன்ன பேச்சைக் கேட்டு, ஒவ்வொரு புது வேஃபரையும் அந்தத் தப்பான நடுவில் மிகத் துல்லியமாக வைத்துக்கொண்டிருந்தது. ஓர எட்ச் புகாரின் கதை அவ்வளவுதான்.

பழைய டீச்சிங் எண்கள் யாரோ ஒரு புண்ணியவான் குறித்து வைத்திருந்ததால் கிடைத்தன. அவற்றையே திரும்பப் போட்டோம். மின்னூட்டம் வடியும் நேரத்தைச் சில நொடிகள் கூட்டினோம், சிதறல் கணிசமாகச் சுருங்கியது. சக்கை மட்டும் உடனே மாற்றவில்லை. சேம்பரை எப்படியும் திறக்க வேண்டிய அடுத்த பி.எம். தேதி வரை விட்டுவைத்தோம். தினமும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே விட்டுவைத்தோம்.

மேம்பாடு என்று பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. டீச்சிங் எண்களைச் சேமிக்காமல் யாரும் புது டீச்சிங் செய்யக் கூடாது என்று ஒரு விதி. எல்லா மெஷின்களிலும் திருத்தத்துக்கு முந்தைய விலகலை வாரம் ஒருமுறை படமாக்கும் ஒரு சின்ன நிரல். அலைனர் எத்தனை முறை இரண்டாவது சுற்று சுற்றியது என்பதற்கு ஓர் எண். முதலில் இவற்றுக்கெல்லாம் அலாரம் வைக்கலாம் என்றுதான் நான் கேட்டேன். மேனேஜர் மறுத்தார். ஏற்கனவே வரும் அலாரங்களையே யாரும் முழுசாகப் படிப்பதில்லை, இன்னும் ஐம்பது கூட்டினால் ஐம்பதையும் அமைதிப்படுத்தும் பொத்தானைத்தான் தேடுவார்கள் என்றார். அவர் சொன்னது சரி என்று இப்போது தோன்றுகிறது. வாரம் ஒருமுறை ஒரு மனிதர் நான்கு சதுரங்களைப் பார்ப்பது, நிமிடத்துக்கு ஒருமுறை கத்தும் பெட்டியைவிட வேலைக்காகிறது.

சார்டெக்ஸ் பக்கம்

இனி நீடாமங்கலம். சித்தப்பா மில்லில் பாலிஷருக்கு அப்புறம் கலர் சார்ட்டர் இருக்கிறது. எந்தக் கம்பெனி மெஷினானாலும் நம் ஊரில் அதற்குப் பேர் சார்டெக்ஸ்தான். சரிவான தகடுகளில் அரிசி ஒவ்வொரு மணியாக வழிந்து விழும், கேமரா பார்க்கும், கறுப்பு, பழுப்பு, கல் எது வந்தாலும் அந்த மணியை மட்டும் ஒரு காற்று வால்வு 'டக்' என்று அடித்து வேறு குழாய்க்குத் தள்ளிவிடும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அலுக்காது.

வேஃபர் ரோபோவின் கதை எனக்கு இங்கே அப்படியே தெரிந்தது. குறுவை அறுவடையில் மழை பிடித்து, நெல் ஈரத்தோடு குவிந்து கிடந்து சூடேறினால் பழுப்பு மணி கூடும். பாலிஷர் கல் தேய்ந்தால் தவிடு சரியாகப் போகாமல் நிறம் மாறும். கேமரா முன்னாலுள்ள கண்ணாடியில் தூசி படிந்தால் நல்ல மணியே கெட்டதாகத் தெரியும். எது நடந்தாலும் சார்டெக்ஸ் கூடுதலாக அடித்துத் தள்ளிவிட்டு, வெள்ளை அரிசியைத்தான் சாக்குக்கு அனுப்பும். சாக்கில் விழுவது வெள்ளையாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ராத்திரி ஷிஃப்ட் பையன், பழுப்பு ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் திரையில் சென்சிடிவிட்டியை ஒரு படி ஏற்றிவிடுவான். ஏற்றினால் கெட்டதோடு நல்ல அரிசியும் சேர்ந்து கழிவுக் குழாய்க்குப் போகும். நான் அந்தக் குழாயடியில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். கையில் விழுந்ததில் பாதிக்கு மேல் சாப்பிடக்கூடிய அரிசி. சித்தப்பாவிடம் காட்டியதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வந்து, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "இது எனக்குத் தெரியாதா தம்பி? வால்வு அடிக்கிற சத்தம் கூடுனா நான் நேரா பாலிஷர்கிட்டதான் போவேன். சத்தம் ஒரு பக்கமா கூடுனா கண்ணாடியத் தொடைப்பேன். இவன் இருக்கானே ராத்திரிப் பய, இவன் காதுல பாட்ட மாட்டிக்கிட்டு பொத்தான அமுக்குறான்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் 'கை வைக்காதே' என்று சொன்னதற்கு 'கண்டுக்காதே' என்று பொருள் இல்லை. அவர் கையை வைக்காமல் காதை வைத்துக்கொண்டிருக்கிறார். உட்லண்ட்ஸில் சீனியர் சொன்னபோது நாங்கள் அதைக் கண்ணையும் மூடிக்கொள் என்று எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு அங்கே காது வழி கிடையாது. உடம்பு முழுக்க மூடிய உடை, கூரை முழுக்க ஃபில்டர் விசிறிகளின் இரைச்சல், ரோபோ இருப்பதோ அலுமினியச் சுவருக்குள், வெற்றிடத்தில். எண்களைத் தவிர அங்கே வேறு புலன் இல்லை.

ஆனால் ஃபிட்டர் அண்ணனின் காதைப் பற்றி ரொம்பவும் உருகிவிட வேண்டாம். அந்தக் காது பகலில் மட்டும்தான் மில்லில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க மில் இரைச்சலில் இருந்த காது. இப்போதெல்லாம் நாம் சொல்வதை அவர் இரண்டாம் முறைதான் கேட்கிறார். அடுத்து வாங்கப்போகும் மெஷின் முழுக்க மூடிய உறையோடு வருமாம், சத்தமே வெளியே வராதாம். இதையெல்லாம் அவரிடமே சொன்னேன். கோபப்படவில்லை. "அப்ப எழுதித்தான் வைக்கணும்கிறீங்க. எழுதுறது சரி தம்பி, படிக்கப்போறது யாரு?" என்றார். மேனேஜர் கேட்ட அதே கேள்வி.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில்

அவனுக்கு ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் மத்திய அரசு சிப் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் திட்டம் அறிவித்ததிலிருந்து குஜராத்தில் சாணந்த், தொலேரா, அசாமில் ஜாகிரோடு என்று பெயர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. 'டெல்டாவுக்கும் ஒண்ணு வந்தா நல்லாருக்குமே' என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். மேட்டூர் எப்போது திறப்பான் என்று ஜூன் 12ஐப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், தினமும் லட்சக்கணக்கில் லிட்டர் சுத்த நீரைக் குடிக்கும் தொழிற்சாலையா? வேண்டாம் சாமி. பையன்கள் போய் வேலை பார்த்துவிட்டு வரட்டும்.

அவன் போகப்போகும் இடம் சிப்பை வெட்டி, ஒட்டி, சோதிக்கும் ஆலையாக இருந்தால் முழு வேஃபரைத் தூக்கும் வேலை குறைவாகவும், டேப்பில் ஒட்டி அறுத்த குட்டிச் சிப்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வேலை அதிகமாகவும் இருக்கும். ஆனால் அங்கேயும் மெஷின் எடுக்கத் தவறினால் மறுபடி முயலும், கிடைத்துவிட்டால் வாயைத் திறக்காது. அவன் காலேஜில் மெஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. சொல்லித் தந்திருக்கிறார்கள், சர்வோ மோட்டாரைப் பற்றிப் படம் போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஒரு மெஷினின் பதிவுக் கோப்பைத் திறந்து உட்கார்ந்து பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு ஃபேப் தேவையில்லை, சித்தப்பா மில்லே போதும் என்று அங்கே அனுப்பினேன். அந்தச் சார்டெக்ஸின் திரையில் ஒரு பக்கத்தில், ஒவ்வொரு சேனலிலும் வால்வுகள் எத்தனை முறை அடித்தன என்ற எண் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கத்தை யாரும் திறந்ததில்லை. இப்போது அவன் காலையும் மாலையும் அதைப் போனில் படம் பிடித்து, சித்தப்பா, ஃபிட்டர் அண்ணன், நான் மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். சென்சிடிவிட்டியை யார் ஏற்றினாலும் அதையும் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. ராத்திரிப் பையன் இரண்டு நாள் முறைத்தான், அப்புறம் அவனே போட ஆரம்பித்தான்.

போன வாரம் ஒரு சேனலில் மட்டும் எண்ணிக்கை மற்றவற்றைவிட ஏறிக்கொண்டே போவதை அக்கா மகன் கவனித்து, "மாமா, நெல்லுல கோளாறுன்னா எல்லாச் சேனல்லயும்தானே ஏறணும்?" என்று கேட்டான். எனக்கு அப்போதே அந்த இடத்தில் எழுந்து நடனமாடலாம் போலிருந்தது. ஃபிட்டர் அண்ணன் போய்ப் பார்த்தார். அந்தச் சேனலுக்கு அரிசியைத் தள்ளும் அதிர்வுத் தட்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, ஒரு கெட்ட மணிக்கு அடித்தால் பக்கத்திலுள்ள நல்ல மணிகளும் சேர்ந்து பறக்கின்றன. கழற்றிச் சரிசெய்ய ஒருநாள் மில் நிற்க வேண்டும். களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, அறுவடை முடியட்டும், அதுவரை அந்தச் சேனலுக்கு வரத்தைக் குறைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன். அந்தச் சக்கையும் நாங்கள் அன்றைக்கே மாற்றவில்லையே.